லிஸ்பன் சதுக்கங்களில் ஒரு நோட்டும் பேனாவும்: புதிதாக வரைய வருபவர்களுக்கு

லிஸ்பனில் நான் முதன்முதலாக வரைய உட்கார்ந்த இடம் ஆற்றை ஒட்டிய பெரிய சதுக்கம். பகல் 12 மணி. எதிரே நீண்ட மஞ்சள் கட்டடம், கீழே வரிசையாக வளைவுகள், மேலே வரிசையாகச் சன்னல்கள். இடது மூலையில் தொடங்கி ஒவ்வொரு சன்னலாக வரைந்துகொண்டே போனேன். பாதி வரிசைகூட முடியவில்லை, மணி 3 ஆகிவிட்டது. அதற்குள் சூரியன் நகர்ந்துவிட்டதால், முதலில் வரைந்த சன்னல்களின் நிழல் இடப்பக்கமும் கடைசியில் வரைந்தவற்றின் நிழல் வலப்பக்கமும் சாய்ந்திருந்தன. தாளில் ஒரு மனிதர்கூட இல்லை. அந்த மூன்று மணி நேரத்தில் என் முன்னால் எத்தனையோ நூறு பேர் நடந்து போயிருந்தார்கள்.

சதுக்கம் என்றால் சுற்றியிருக்கும் கட்டடங்கள் என்று நினைத்துவிட்டேன். வரைந்து வரைந்துதான் புரிந்தது: நடுவிலுள்ள திறந்த தரை, அதில் விழும் வெளிச்சம், அதைக் கடந்துபோகும் மனிதர்கள், இதெல்லாம் சேர்ந்ததே சதுக்கம். கட்டடம் அதற்குச் சுவர். ஆகவே இந்த வழிகாட்டி தரை, மனிதர்கள், கட்டடம் என்ற வரிசையில் போகிறது. ஓவியம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு பெட்டியும் ஒரு வட்டமும் போட வந்தால் போதும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஏ5 அளவில், கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு. மடியில் வைத்துத்தான் பெரும்பாலும் வரைவோம், அதனால் அட்டை வளையக் கூடாது. தாள் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடை இருக்கட்டும். அதைவிட மெல்லிய தாளில் தண்ணீர் பட்டதும் பக்கம் சுருண்டுவிடும். போர்ச்சுகல்காரர்கள் இந்த நோட்டைத் 'தியாரியு கிராஃபிகு' என்கிறார்கள், கோடுகளால் எழுதும் நாட்குறிப்பு. எனக்குப் பிடித்த பெயர். தினமும் எழுதுகிற நோட்டில் ஒரு பக்கம் சரியாக வரவில்லையென்றால் யாரும் கிழித்துப் போட மாட்டார்கள். இதையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பேனாவில் கவனிக்க வேண்டியது மை. தண்ணீர் பட்டால் கரையாத நிறமி மை வேண்டும். கடைக்காரர் சொல்வதை நம்புவதோடு நிறுத்தாமல், வீட்டிலேயே ஒரு கோடு போட்டு இரண்டு நிமிடம் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். 0.3 அளவுள்ள ஃபைன்லைனர், அதாவது மெல்லிய முனைப் பேனா, ஒன்று போதும். மைப்பேனா பிடிக்கும் என்றால் பிளாட்டினம் கார்பன் மாதிரியான மை நன்றாகத் தாங்கும். ஆனால் அடிக்கடி கழுவாவிட்டால் நிப்பை அடைத்துவிடும்.

வண்ணம் ஆறு போதும்: யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் நீலம், செருலியன் நீலம், ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள். இந்த ஊருக்கு முதல் மூன்றே பாதி வேலையை முடித்துவிடும். தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் வாட்டர் பிரஷ் ஒன்று, பழைய பருத்தித் துணி ஒரு துண்டு, பக்கங்களைப் பிடித்துக்கொள்ள இரண்டு கிளிப். ஆற்றுக் காற்று பலமாக வீசும், கிளிப்பை மறக்காதீர்கள். உட்காரும் படிகளெல்லாம் சுண்ணாம்புக்கல், குளிர்காலத்தில் சில்லென்று இருக்கும். ஒரு சிறிய மெத்தைத் துண்டு எடுத்துப் போங்கள்.

வண்ணம் பயமாக இருக்கிறதா? அங்கேயே ஒரு நல்ல வழி கிடைக்கும். வடக்கே சாவ் ஜோவாவ் த மதெய்ரா என்ற ஊரில் வியார்கு என்ற பென்சில் தொழிற்சாலை இருக்கிறது. அவர்கள் செய்யும் தண்ணீரில் கரையும் கிராஃபைட் கட்டி ஒன்றை வாங்கிக்கொண்டால், கோடும் நிழலும் அதிலேயே வந்துவிடும். ரப்பர் மட்டும் வேண்டாம். அழிக்க ஆரம்பித்தால் கை தயங்கப் பழகிவிடும். தப்பான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள், இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதல் படி: மேசையில் இருப்பதை வரையுங்கள்

நேராகச் சதுக்கத்தில் இறங்க வேண்டாம். ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து 'பிக்கா' ஒன்று கேளுங்கள். சின்னக் கோப்பையில் வரும் கெட்டிக் காப்பி. கல்லாவருகே நின்று குடித்தால் ஒரு விலை, வெளியே நாற்காலியில் உட்கார்ந்தால் கூடுதல் விலை என்பது பல கடைகளில் வழக்கம். அந்தக் கூடுதல் காசு நாற்காலிக்கான வாடகை. வரைபவருக்கு அது வீண் செலவு இல்லை.

காப்பி ஆறுவதற்குள் கோப்பை, சாசர், சர்க்கரைப் பொட்டலம், மேசையின் விளிம்பு இவற்றை வரைந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். கைக்குச் சூடு ஏறும், சுற்றியிருப்பவர்கள் பார்க்கிறார்களோ என்ற கூச்சமும் அதற்குள் தணிந்துவிடும். பக்கத்தில் தேதி, நேரம், காதில் விழுந்த ஒரு சொல், இவற்றையும் எழுதுங்கள். நமக்கு இங்கே ஒரு சந்தோஷம் உண்டு. மேசையை அவர்கள் 'மேசா' என்கிறார்கள். சன்னல் 'ஜனெலா', சாவி 'ஷாவ்', அலமாரி 'அர்மாரியு'. நம் ஊர்க் கரையில் இறங்கிய கப்பல்களோடு வந்து வீட்டுச் சொற்களாகிப்போனவை இவை. படத்தில் சன்னலுக்குப் பக்கத்தில் இரண்டு சொல்லையும் எழுதி வைத்த என் பக்கம் ஒன்று எனக்கு இன்னும் பிடித்த பக்கம்.

இரண்டாம் படி: தீப்பெட்டி அளவில் மூன்று கட்டம்

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். மூன்று விஷயம் பாருங்கள். நீங்கள் நிழலில் இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் நேர் வெயில் பட்டால் கண் கூசி, வண்ணத்தின் அடர்த்தி தெரியாமல் போகும். முதுகுக்குப் பின்னால் சுவர் அல்லது தூண் இருக்க வேண்டும். பின்னால் ஆள் வந்து நிற்கும் நினைப்பு இருந்தால் கை கட்டுப்பட்டுவிடும். எதிரே, தரையில் வெயிலும் நிழலும் சந்திக்கும் எல்லை தெரிய வேண்டும்.

உட்கார்ந்ததும் தீப்பெட்டி அளவில் மூன்று கட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் வானம், கட்டடம், தரை என்று மூன்று துண்டு மட்டும். சன்னல் வேண்டாம், சிலை வேண்டாம். தரைக்குக் கட்டத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது கொடுங்கள். மூன்றில் எது நன்றாக இருக்கிறதோ அதைப் பெரிதாக்குங்கள்.

மூன்றாம் படி: ரொசியுவில் தரையை வரைதல்

நகரின் நடுவே இருக்கிறது ரொசியு. வரைபடத்தில் நான்காம் பெத்ரு மன்னர் பெயரில் இருக்கும், ஆனால் ஊரார் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிற்பகலில் மேற்குப் பக்கக் கடைகளின் வெளி நாற்காலியில் உட்காருங்கள். நீங்கள் நிழலில், எதிர்வரிசைக் கட்டடங்கள் வெயிலில், அவற்றின் கூரைகளுக்கு மேலே குன்றில் சாவ் ஜோர்ஜ் கோட்டை. நடுவில் மன்னரின் உயரமான தூண், இரு பக்கமும் ஒவ்வொரு நீரூற்று.

இவை அனைத்தையும் ஒரு நிமிடம் மறந்துவிட்டுக் காலடியைப் பாருங்கள். கைக்குள் அடங்கும் சிறிய வெள்ளைக் கற்களையும் கறுப்புக் கற்களையும் கையால் பதித்து, சதுக்கம் முழுக்க அலை அலையாகப் போட்டிருக்கிறார்கள். 1840களின் இறுதியில் போட்ட வடிவம் இது. 'மார் லார்கு' என்று பெயர், பரந்த கடல். ரியோவின் கோபகபானா கடற்கரை நடைபாதையில் புகழ்பெற்ற அலை, இதன் வழி வந்ததுதான்.

இந்த அலைகளை எண்ணி வரையாதீர்கள். உங்கள் காலருகே இரண்டு அலையை நன்றாக, அகலமாக, வளைவு தெரிய வரையுங்கள். அடுத்த இரண்டு மூன்று தட்டையாகட்டும். அதற்கப்பால் வளைவே தெரியாது, மெல்லிய கிடைக்கோடுகள் மட்டும். இன்னும் தள்ளிப்போனால் வெறும் வெள்ளைத் தாள். இவ்வளவு செய்ததும் தாளில் தரை படுத்துக்கொள்ளும். தூரம் என்பதைக் காட்ட இதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரிந்து வேறு ஊரில் கிடைக்காது.

இப்போது கண்மட்டக் கோடு. பேனாவை உங்கள் கண்ணுக்கு நேராகக் கிடையாகப் பிடித்துப் பாருங்கள், எதிரே அது எதையெல்லாம் வெட்டுகிறது என்று. அந்தக் கோட்டைத் தாளில் மெலிதாகப் போடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கோடு, நிற்கிற பெரியவர்கள் எல்லாரையும் இடுப்புக்குச் சற்று மேலே வெட்டும். அருகில் இருப்பவரானாலும் எதிர்க் கோடியில் இருப்பவரானாலும் அதே இடத்தில்தான். நாலைந்து வயதுக் குழந்தையின் தலை ஏறக்குறைய அந்தக் கோட்டைத் தொடும். நீங்கள் நின்று வரைந்தால் கோடு எல்லாருடைய தலைகள் வழியாகவும் போகும், கால்கள் மட்டும் அருகில் வர வரக் கீழே இறங்கும். தரை சமமாக இருக்கும் இடமெல்லாம் இது பொருந்தும். மறையும் புள்ளி, அளவுகோல் எதுவும் இல்லாமலே ஆட்கள் தரையில் ஊன்றி நிற்பார்கள். புதிதாக வரைபவர்களின் படங்களில் ஆட்கள் மிதப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கோட்டைப் போடாததுதான்.

ஒரு எச்சரிக்கை. ரொசியுவிலும் ட்ராம் நிறுத்தங்களிலும் பிக்பாக்கெட்காரர்கள் உண்டு. வரையும்போது நம் கவனம் முழுக்கத் தாளில் இருக்கும். பையின் வாரைக் காலில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், போனை மேசைமேல் வைக்காதீர்கள்.

நான்காம் படி: நடப்பவர்கள், நிற்பவர்கள்

நடந்துபோகும் ஒருவர் உங்கள் கண்முன் சில நொடிகளே இருப்பார். அவரைப் பார்த்துக்கொண்டே வரைய முடியாது. ஒரு நொடி பாருங்கள், கண்ணை மூடுங்கள், மனதில் நின்றதை வரையுங்கள். தலை ஒரு புள்ளி, நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாக. உடல் மேலே அகன்று கீழே கூரும் ஒரு கேரட் மாதிரி. இரண்டு கால்களில் ஒன்றைச் சற்றுக் குட்டையாக வையுங்கள், நடை வந்துவிடும். தலைக்கும் தோளுக்கும் இடையே சிறிது வெள்ளை விடுங்கள், வெளிச்சம் வந்துவிடும். முகம் வேண்டாம். கூட்டமாக வருபவர்களை ஒரே திட்டாகப் போட்டு மேலே நாலு தலை வையுங்கள். தொடக்கத்தில் ஒரு பக்கம் முழுக்க இப்படி ஐம்பது பேரை வரைந்து பழகுவது நல்லது.

ஒருவர் பாதியில் போய்விட்டால் கவலைப்படாதீர்கள். அதே மாதிரி பை மாட்டிய இன்னொருவர் கட்டாயம் வருவார். மேல்பாதி ஒருவருடையதாகவும் கீழ்பாதி இன்னொருவருடையதாகவும் இருக்கலாம்.

நின்று பழக, பக்கத்திலேயே சாவ் துமிங்குஷ் என்ற சிறிய சதுக்கம் இருக்கிறது. அங்கே ஒரு பொந்துபோன்ற கடையில் 'ஜின்ஜா' என்ற புளிப்புச் செர்ரி மதுவைச் சின்னக் குவளையில் ஊற்றித் தருவார்கள். வாங்கியவர்கள் வாசலில் ஐந்து நிமிடம் நின்று குடிப்பார்கள். ஐந்து நிமிடம் அசையாத மனிதர் கிடைப்பது பெரிய விஷயம். மாலையில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து குடியேறிய மக்கள் கூடிப் பேசும் இடமும் அதுவே. அதே சதுக்கத்தில் 1506ல் யூதர்கள் கொன்று குவிக்கப்பட்டதை நினைவுகூரும் கல் ஒன்று, 2008ல் வைத்தது, இருக்கிறது. எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வரையுங்கள்.

சில முறைகள் உண்டு. தெருவில் படுத்திருப்பவர்களையும் அழுதுகொண்டிருப்பவர்களையும் நான் வரைவதில்லை. குழந்தையை அருகிலிருந்து வரைகிறீர்கள் என்றால் பெற்றோரிடம் நோட்டைக் காட்டுங்கள். ஒருவர் உங்களை முறைத்துப் பார்த்தால் பேனாவை வைத்துவிட்டுச் சிரியுங்கள், பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் எதிர்மாறாகத்தான் நடக்கும். "பொஸ்ஸு வேர்?" என்று கேட்டபடி யாராவது குனிவார்கள், 'பார்க்கலாமா?' என்று அர்த்தம். காட்டுங்கள். நன்றி சொல்ல ஆண்கள் "ஒப்ரிகாது" என்றும் பெண்கள் "ஒப்ரிகாதா" என்றும் சொல்வார்கள்.

ஐந்தாம் படி: இப்போது கட்டடம்

நான் மூன்று மணி நேரம் தோற்ற இடத்துக்குத் திரும்புவோம். வரைபடத்தில் அது பிராசா து கொமேர்சியு, வணிகச் சதுக்கம். ஊர் வாயில் தெரெய்ரு து பாசு, அரண்மனை முற்றம். 1755 நவம்பர் 1 அன்று நிலநடுக்கமும் கடலலையும் தீயும் சேர்ந்து நகரை அழித்தபோது ஆற்றங்கரை அரண்மனையும் போய்விட்டது. பொம்பால் பிரபுவின் தலைமையில் தாழ்நகரம் நேர்த் தெருக்களாக மறுபடி எழுந்தது. அரண்மனை இல்லாமல் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் முற்றத்தின் பெயர் மட்டும் நிற்கிறது. மூன்று பக்கம் வளைவு மண்டபங்கள், நான்காவது பக்கம் தேஜு ஆறு. நடுவில் 1775ல் நிறுவிய முதலாம் ஜோசே மன்னரின் குதிரைச் சிலை.

பக்கவாட்டு மண்டபத்தின் உள்ளே, ஒரு தூணில் சாய்ந்து உட்காருங்கள். மழைக்கும் ஒதுங்கலாம், வெயிலுக்கும் ஒதுங்கலாம். முதல் வேலையாக நிழலின் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். அப்புறம் சூரியன் எங்கே போனாலும் அந்தக் கோட்டை மாற்றக் கூடாது. என் முதல் படம் கெட்டது இதைச் செய்யாததால்தான்.

அடுத்து, பேனாவை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடி அளவெடுங்கள்: கட்டடத்தின் உயரத்தில் வளைவு எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு. இந்த ஒரு விகிதம் சரியாக இருந்தால் போதும். வளைவுகளில் ஒன்றை மட்டும் கற்களின் இணைப்பு, உள்ளே தெரியும் இருட்டு, விளக்கு எல்லாவற்றோடும் வரையுங்கள். அதையடுத்த இரண்டைக் கோடாக விடுங்கள். மீதியெல்லாம் கறுப்புத் திட்டுகள், தூரம் போகப் போகக் குறுகி நெருங்கும் திட்டுகள். பார்ப்பவர் கண் மற்றதைத் தானே நிரப்பிக்கொள்ளும். சன்னலுக்கும் இதே முறை. குதிரைச் சிலையை விவரமாக வரைய முயலாதீர்கள், வானத்துக்கு எதிரே அதன் உருவரை மட்டும் எடுங்கள்.

ஆற்றோரம் கைஷ் தாஷ் குலூனாஷ் என்ற படித்துறையில் இரட்டைத் தூண் நிற்கிறது. அங்கே உட்கார ஆசை வரும். தேஜு இந்த இடத்தில் கடலோடு ஏறி இறங்கும் ஆறு. கீழ்ப்படிகள் பாசி பிடித்து வழுக்கும், தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும். மேல்படியோடு நின்றுகொள்ளுங்கள்.

ஆறாம் படி: மேடும் ட்ராமும்

ரொசியுவில் கற்ற கண்மட்ட விதி, அல்ஃபாமா என்ற பழைய குடியிருப்புப் பகுதியின் மேட்டில் அப்படியே செல்லாது. தெரு இறங்கிப் போகும்போது அதன் ஓரக் கோடுகள் கண்மட்டத்துக்குக் கீழே போய்ச் சேரும். ஏறிப் போனால் மேலே சேரும். ஆனால் வீடுகளின் சன்னல் கோடுகள் எப்போதும்போல் கண்மட்டத்துக்கே போகும். இந்த இரண்டுக்கும் உள்ள இழுபறியில்தான் மேடு தெரிகிறது. முதல்முறை குழப்பமாக இருக்கும், சாந்தா லுசியா பார்வைமேடையின் நீலப் பீங்கான் ஓட்டுச் சுவருக்கு அருகே உட்கார்ந்து கீழே இறங்கும் கூரைகளை மட்டும் ஒருநாள் வரையுங்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் போர்தாஷ் து சோல். 28ஆம் எண் மஞ்சள் ட்ராம் வளைந்து வரும் இடம். ட்ராமை ஒரே மூச்சில் பிடிக்கப் பார்க்காதீர்கள். அது போனாலும் அதே உருவம் சிறிது நேரத்தில் திரும்ப வரும். முதல் ட்ராமில் பெட்டியின் வெளிவடிவம், இரண்டாவதில் சன்னல்களும் முன்விளக்கும், மூன்றாவதில் உள்ளே இருக்கும் தலைகள். இடையில் கிடைக்கும் நேரத்தில் தெருவை வரையுங்கள். தண்டவாளத்தின் அகலம் 900 மில்லிமீட்டர்தான், அதனால் பெட்டி ஒடுக்கமாக உயர்ந்து நிற்கும். பெரும்பாலோர் அதைப் பேருந்து மாதிரி அகலமாக வரைந்துவிடுகிறார்கள். ஏறிப் பயணிக்க ஆசை இருந்தால் அதிகாலையில் போங்கள், பகல் நெரிசலில் நோட்டைத் திறக்கவே இடம் இருக்காது.

ஏழாம் படி: வண்ணம், கொஞ்சமாக

இந்த ஊரின் வெள்ளைக் கல் தரை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அந்த வெளிச்சத்தைக் காட்ட உங்களிடம் இருப்பது தாளின் வெள்ளை மட்டும், அதை மூடிவிடாதீர்கள். அல்ட்ராமரினில் துளி பர்ன்ட் சியன்னா கலந்து நிழல் முழுவதையும் ஒரே இழுப்பில் போடுங்கள்: கட்டடத்தின் நிழல், தரையின் நிழல், ஆட்களின் நிழல் எல்லாம் சேர்ந்து ஒரே திட்டு. இதுவே முக்கால் படம். சுவருக்கு ஓக்கர், கூரைக்கு சியன்னா. யாராவது ஒருவரின் சட்டைக்குச் சிவப்பு. வானத்தை அப்படியே விட்டுவிடலாம். கோடைக்காலத்தில் வண்ணம் வைத்த கையோடு காய்ந்துவிடும், குளிர்காலத்தில் பக்கத்தைத் திறந்தே வைத்துக்கொண்டு நடக்க வேண்டிவரும்.

துணையோடு வரையப் பிடிக்குமென்றால் அதற்கும் வழி உண்டு. காப்ரியேல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் 2007ல் தொடங்கிய அர்பன் ஸ்கெச்சர்ஸ் இயக்கம், 2011ல் தன் உலகக் கூடலை லிஸ்பனில் நடத்தியது. போர்ச்சுகலில் அதற்கு உயிர்ப்பான கிளை இருக்கிறது. செவ்வாய், சனிக்கிழமைகளில் கம்பு த சாந்தா கிளாராவில் பழைய பொருள் சந்தை கூடும். தரையில் துணி விரித்துப் பரப்பிய கடிகாரங்களையும் கதவுப் பிடிகளையும் வரைய அங்கே நோட்டோடு வருபவர்களைப் பார்க்கலாம்.

ஓரளவு கை பழகியதும் கார்மு சதுக்கத்துக்குப் போங்கள். நான்கு பக்கமும் ஒரே பார்வையில் அடங்கும் சின்ன சதுக்கம். ஒரு பக்கம், 1755ல் கூரை விழுந்து மறுபடி மூடப்படாமலே நிற்கும் தேவாலயத்தின் கோதிக் வளைவுகள். இன்னொரு பக்கம், 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகார அரசின் தலைவர் மார்செலு கயெத்தானு சரணடைந்த காவற்படை முகாம். அன்று இந்தச் சிறிய இடம் முழுக்க மக்கள் நின்றிருந்தார்கள். இப்போது நடுவில் கல் நீரூற்று, சுற்றி ஜகராந்தா மரங்கள். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ போனால் மரத்திலும் தரையிலும் ஊதா. பேனாவைத் திறப்பதற்கு முன்பே அல்ட்ராமரினில் கொஞ்சம் சிவப்பைக் கலந்து நிறையத் தண்ணீரோடு மரங்களின் இடத்தில் வைத்துவிடுங்கள், தரையிலும் நாலு சொட்டு. அது காய்வதற்குள் பிக்கா வந்துவிடும்.